திரையில் வைக்கும் கைநாட்டு

ஈப்போ, புந்தோங் வட்டாரத்தில் ஒரு வீடு. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரங்களே உள்ளன. நான்காம் படிவத்தில் பயிலும் பேத்தி, பாட்டிக்குப் புடவை வாங்கத் திறன்பேசியில் ஒரு கடையின் இணையத்தளத்தைத் திறக்கிறாள். புடவைகள் தோன்றுவதற்கு முன்பே திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. பொடி எழுத்தில் நான்கைந்து வரிகள். அதன் கீழே பெரிய பச்சைப் பொத்தான். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொருளில் அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பேத்தியின் விரல் அதைத் தட்டிவிடுகிறது. அருகில் இருந்த பாட்டி கேட்கிறார்.

“அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?”

“தெரியல பாட்டி. அதைத் தட்டினாத்தான் புடவையைப் பார்க்க முடியும்.”

“படிக்காமலேயே ஒத்துக்கிட்டியா? தோட்டத்துல கிராணியார் நீட்டுன தாள்ல நாங்க கைநாட்டு வச்ச மாதிரியில்ல இருக்கு!”

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும், இப்படித் தட்டாத விரல் இன்று எந்த வீட்டிலும் இருக்காது. பாட்டி விளையாட்டாகச் சொன்ன ஒப்பீடு மிகவும் பொருத்தமானது. என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கொடுக்கப்படும் ஒப்புதல், மையில் தோய்ந்த விரலால் கொடுத்தாலும் கண்ணாடித் திரையில் தட்டிக் கொடுத்தாலும் கைநாட்டுதான். அந்தக் கைநாட்டை உண்மையான ஒப்புதலாக மாற்ற வேண்டிய முதற்பொறுப்பு, அறிவிப்பை எழுதும் இணையத்தளங்களையே சாரும்.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குப் பதிவேடு என்பது புதிதன்று. பொழுது விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது செக்ரோல் எனப்பட்ட பெயர்ப்பதிவேட்டில் ஏறும். அதை வைத்துத்தான் சம்பளம் கணக்கிடப்படும். எழுதியவர் கிராணியார்; எழுதப்பட்டவர் தொழிலாளர். தம் பெயருக்கு நேரே என்ன குறிக்கப்பட்டது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர் சரிபார்க்க முடிந்ததில்லை. பெயரிலோ பிறந்த தேதியிலோ நேர்ந்த ஒரு பிழை, பின்னாளில் குடியுரிமைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அலையாய் அலைய வைத்த குடும்பங்கள் உண்டு. ஒருவரைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கிறது, அது சரியாக இருக்கிறதா என்பது வாழ்வையே புரட்டிப் போடக்கூடியது என்பதைத் தோட்ட மக்கள் பட்டறிந்தவர்கள்.

நாட்டின் அடையாள அட்டைக்கும் பேராக்கிற்கும் உள்ள தொடர்பும் இங்கு நினைக்கத்தக்கது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரகால விதிகளின்கீழ்தான் 12 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் அடையாள அட்டை பெற வேண்டும் என்ற நிலை வந்தது. அட்டையில் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இடம்பெற்றன. அன்று காகிதத்தில் தொடங்கிய அட்டை, 2001ஆம் ஆண்டு சில்லு பொருத்திய ‘மைகாட்’ ஆக வளர்ந்தது.

அந்த அட்டையிலுள்ள 12 இலக்க எண்ணைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் காட்டுகின்றன. அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கின்றன. பேராக்கின் எண் 08. இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆகவே, ஒரு கடையின் படிவத்தில் அந்த எண்ணை நிரப்புபவர் வெறும் எண்ணைத் தருவதில்லை. தம் வயது, பிறந்த நாள், பிறந்த மாநிலம், பால் ஆகிய நான்கையும் சேர்த்தே தருகிறார். முறுக்கு விற்கும் இணையத்தளத்திற்கு வாங்குபவரின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதும். அடையாள அட்டை எண் அதற்கு எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கமே தரவுப் பாதுகாப்பின் முதற்படியாகும்.

படிவத்தில் நிரப்புவதாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் திரட்டப்படும் தகவல்களும் உண்டு. அதற்குத் துணைபுரியும் கருவிகளுள் ஒன்றுதான் ‘குக்கி’. இணையத்தளத்திற்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் போகும்போது, வந்தவர் முன்பு வந்தவர்தானா என்று அதற்குத் தெரியாது. இக்குறையைப் போக்க, 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொந்துலி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை எழுதிப் பயனரின் உலாவியிடம் கொடுக்கும். உலாவி அதைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதே தளத்திற்குச் செல்லும்போது திருப்பிக் காட்டும். அந்தக் குறிப்பே குக்கி. பெரும்பாலும் அதில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அவ்வெண்ணுக்கு உரியவர் எதைப் பார்த்தார், எதை வாங்கினார் என்ற விவரங்கள் தளத்தின் கணினியில் இருக்கும்.

மலேசியர்களுக்கு இதை விளக்க ‘555’ புத்தகமே போதும். மளிகைக் கடையில் கடனுக்குப் பொருள் வாங்கும்போது, அந்தக் குட்டிப் புத்தகத்தில் கடைக்காரர் கணக்கு எழுதுவார். வாடிக்கையாளர் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்து, அடுத்த முறை வரும்போது நீட்டுவார். புத்தகத்தைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் பழைய கணக்கு விளங்கிவிடும். இதில் தவறேதும் இல்லை. இணையக் கடையில் கூடையில் போட்ட புடவை, பக்கம் மாறினாலும் கூடையிலேயே இருப்பதற்கும், தேர்ந்தெடுத்த மொழி மாறாமல் இருப்பதற்கும் இத்தகைய குக்கிகளே காரணம். அவை இல்லாவிட்டால் இணையத்தில் எதையும் எளிதாக வாங்க முடியாது.

சிக்கல் வேறோர் இடத்தில் எழுகிறது. மளிகைக் கடையில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர், வாடிக்கையாளரின் பையில் தம்முடைய சீட்டு ஒன்றைச் செருகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அடுத்து மருந்துக் கடைக்குப் போகிறார். அங்கும் அதே ஆள் நின்று சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். புத்தகக் கடையிலும் நகைக் கடையிலும் அவரே நிற்கிறார். மாலைக்குள் அந்த வாடிக்கையாளரின் நோய், விருப்பம், வரவு செலவு ஆகியவற்றை அவர் ஓரளவு ஊகித்துவிடுவார். விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில் வைக்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகள் இப்படித்தான் செயல்படுகின்றன. ஒரு தளத்தில் காலணியைப் பார்த்தவருக்குச் செய்தித்தளத்திலும் அதே காலணியின் விளம்பரம் வந்து நிற்பதன் இரகசியம் இதுவே.

இவ்வகைக் குக்கிகளைச் சஃபாரி உலாவி 2020ஆம் ஆண்டு முதல் தானாகவே முழுமையாகத் தடுக்கிறது. கூகள் நிறுவனமும் தன் குரோம் உலாவியிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அதே ஆண்டில் அறிவித்தது. ஆனால், 2024ஆம் ஆண்டு அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பர வருமானத்திற்கும் தனியுரிமைக்கும் இடையிலான இழுபறி இன்னும் முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது.

“என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தெரிந்துகொண்டால்தான் என்ன?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ந்தது நல்ல விடையாகும். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களுக்குரியவர்களின் விவரங்கள் கசிந்து இணையத்தில் விலைபேசப்பட்ட செய்தி வெளியாயிற்று. நாட்டின் மக்கள்தொகையைவிட அந்த எண்ணிக்கை அதிகம். ஒருவரே இரண்டு மூன்று எண்கள் வைத்திருப்பதே அதற்குக் காரணம். கசிந்தவற்றுள் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் மறைப்பதற்கு ஒன்றுமில்லாத எளிய மக்களே. எனினும், கடவுச்சொல்லை மாற்றுவதுபோல் பிறந்த நாளையும் அடையாள அட்டை எண்ணையும் மாற்றிக்கொள்ள அவர்களால் இயலாது.

இத்தகைய விவரங்களே மோசடிக்காரர்களின் மூலதனம். ‘மக்காவ் மோசடி’ எனப்படும் தொலைபேசி ஏமாற்றுவேலையில், காவல்துறை அதிகாரியாகவோ வங்கி ஊழியராகவோ நடிப்பவர் முதலில் மறுமுனையில் இருப்பவரின் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்வார். அதைக் கேட்டதும் நம்பிக்கையும் அச்சமும் ஒருசேரப் பிறக்கும். வாழ்நாள் சேமிப்பை இழக்க அதுவே வழியாகிவிடுகிறது. இவ்வகை ஏமாற்றத்திற்கு ஆளானோர் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க 2022ஆம் ஆண்டு முதல் வசதி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், வெள்ளம் வருமுன் அணைகோலுவதே அறிவுடைமை.

அணையாக இருக்க வேண்டியது சட்டம். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வணிகத் தொடர்பில் திரட்டப்படும் தரவுகளுக்கு இது பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இது பொருந்தாது. குக்கிகளுக்கென்று இச்சட்டத்தில் தனிப்பிரிவு இல்லை. எனினும், ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டும் எத்தகவலும் தனிநபர் தரவாகவே கருதப்படுகிறது. எதற்காகத் தரவைத் திரட்டுகிறோம் என்று அறிவிக்க வேண்டும். பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று சட்டம் வணிகர்களைப் பணிக்கிறது. தம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த ஒப்புதலை மீட்டுக்கொள்ளவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. கிராணியாரின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க முடியாத பாட்டியின் தலைமுறைக்குக் கிடைக்காத உரிமை இது.

2024ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்த அணையை மேலும் உயர்த்தியுள்ளது. சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியன் ரிங்கிட்டாகவும், உச்சச் சிறைத்தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும் உயர்த்தப்பட்டன. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து, தரவுக் கசிவு நேர்ந்தால் அதைத் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிப்பதும் கட்டாயமாகிவிட்டது. கசிவை மூடி மறைத்துவிட்டு வாளாவிருந்த காலம் இனி இல்லை.

இவ்வளவு நல்ல சட்டத்திலும் ஓர் இடைவெளி தென்படுகிறது. தரவு திரட்டுவோர் தரும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இரு மொழிகளையும் பள்ளியில் கற்கும் மாணவர்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டுமே படித்த பாட்டிக்கும், பள்ளிக்கே செல்லாத தாத்தாவுக்கும் சட்ட நடையில் எழுதப்பட்ட அவ்வறிவிப்பு எவ்வாறு விளங்கும்? இன்று அவர்கள் கையிலும் திறன்பேசி இருக்கிறது. அவர்களும் மின்பணப்பை வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பொருள் வாங்குகிறார்கள்.

இரண்டு மொழிகள் வேண்டும் என்று கூறும் சட்டம், மூன்றாவது மொழியைத் தடுக்கவில்லை. தீபாவளி நெருங்கினால் பல நிறுவனங்கள் தமிழில் வாழ்த்துச் சொல்கின்றன. தமிழில் விளம்பரம் செய்கின்றன. பொருளை விற்கத் தமிழ் வேண்டும். ஒப்புதல் கேட்கத் தமிழ் வேண்டாமா? தமிழில் விளம்பரம் செய்யும் நிறுவனம், தன் தரவு அறிவிப்பின் சுருக்கத்தையாவது தமிழில் தருவதே நேர்மை. இது நடக்க முடியாத ஒன்றன்று. இந்தியா 2023ஆம் ஆண்டு இயற்றிய மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அறிவிப்பை ஆங்கிலத்திலோ, இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த 22 மொழிகளுள் தமிழும் ஒன்று.

இதற்கு மறுப்பும் எழலாம். “மொழிபெயர்ப்புக்குச் செலவாகும், எந்த மொழியில் எழுதினாலும் அத்தனை நீண்ட அறிவிப்பை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று வணிகர்கள் கேட்கக்கூடும். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சிறு வியாபாரி ஒருவர் வழக்கறிஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொள்ள இயலாது. ஆயின், அறிவிப்பு நீள்வது ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் தரவைத் திரட்டிப் பலருக்கும் பகிரும் நிறுவனமே பத்துப் பக்கம் எழுத நேர்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றை மட்டும் பெற்று, பொருளை அனுப்பியதும் அழித்துவிடும் சிறு வியாபாரிக்கு நான்கு வரிகள் போதும். நான்கு வரிகளைத் தமிழில் எழுதப் பெருஞ்செலவு ஆகாது. நான்கு வரிகளைப் படிக்கவும் யாரும் சலிக்கமாட்டார்கள்.

மொழி விளங்கினாலும், மறுப்பதற்கு வழி இல்லையேல் ஒப்புதலுக்குப் பொருளில்லை. ‘ஏற்கிறேன்’ என்பதைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு, ‘மறுக்கிறேன்’ என்பதைப் பல பக்கங்களுக்கு அப்பால் ஒளித்து வைப்பது சில தளங்களின் தந்திரம். 2022ஆம் ஆண்டு ஜனவரியில், பிரான்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகளுக்கு 150 மில்லியன் யூரோவும் முகநூலுக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததை அறிவித்தது. குக்கிகளை ஏற்க ஒரு தட்டல் போதும். மறுக்கவோ பல தட்டல்கள் தேவைப்பட்டன என்பதே குற்றம். ஏற்பதும் மறுப்பதும் சம அளவு எளிதாக இருக்க வேண்டும் என்ற இந்த நெறியை மலேசிய இணையத்தளங்களும் தாமாகவே முன்வந்து பின்பற்றினால், வாடிக்கையாளர்களின் நம்பிக்கை அவர்களுக்குத் தானே வந்து சேரும்.

தளத்தினருக்கு முதற்பொறுப்பு என்பதால் பயனருக்குப் பொறுப்பே இல்லை என்று கொள்ளலாகாது. குறிப்பாக, 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைப் பெற, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்று மலேசிய விதிமுறைகள் கூறுகின்றன. ஆகவே, இடைநிலைப்பள்ளி மாணவர்கள் தம் அடையாள அட்டை எண்ணையோ முகவரியையோ கேட்கும் தளத்தில் விவரங்களை நிரப்பும் முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வது நன்று. உலாவியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கவும், சேர்ந்துவிட்ட குக்கிகளை அழிக்கவும் ஐந்து நிமிடங்கள் போதும். மறைநிலை உலாவல் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்ற எண்ணமும் தவறு. சாளரத்தை மூடியதும் குக்கிகள் அழியுமே தவிர, திறந்திருக்கும் வரை தளம் தன் பணியைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

எந்த அறிவிப்பைக் கண்டாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால் போதும். எதை எடுக்கிறார்கள்? எதற்காக எடுக்கிறார்கள்? யாரிடம் கொடுக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை இல்லாத தளத்தில் ஆழமறியாமல் காலை விடாமல் திரும்பிவிடுவதே நல்லது. வேறு கடையில் புடவை கிடைக்கும்.

தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கைநாட்டு வைத்த தலைமுறை, தன் பிள்ளைகளும் அப்படி வைக்கக் கூடாது என்பதற்காகவே அவர்களைத் தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் அனுப்பியது. படிக்கத் தெரிந்த பேத்தி படிக்காமல் தட்டுவது அந்த உழைப்புக்கு அழகன்று; படித்தாலும் விளங்காதபடி எழுதுவது அந்த நிறுவனத்திற்கும் அழகன்று. அடுத்த முறை அந்த அறிவிப்பு தோன்றும்போது, பேத்தி அதை வாய்விட்டுப் படித்துப் பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். இருவரும் கேட்டு, ஆராய்ந்து, பிறகு முடிவு செய்யட்டும்.